இருபத்திமூன்றாவது படம்

கொண்டச்சி
12.04.2025

தில்லைநாதன் அண்ணனுக்கு,

நான் அப்துல் றசாக்கின் மனைவி ஸுஹறா. பன்னிரண்டு வருடமாக உங்கள் பெயரைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. "தில்லை சொன்னான், தில்லை கமரா திருத்தினான், தில்லை பிலிம் கழுவித் தந்தான்" என்று ஒரே தில்லை புராணம். கடைசி மூன்று நாலு மாதம்தான் அந்தப் பெயர் இந்த வீட்டில் இல்லை. உங்களுக்குள் என்ன சண்டை என்று நான் கேட்டேன். அவர் சொல்லவில்லை.

அவர் பத்தாவது நோன்பன்று மவுத்தானார். உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் வரவில்லை.

நான் இப்போது இத்தாவில், கணவன் போன துக்கக் காவலில், இருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை, வெளி ஆண்களோடு பேசுவதில்லை. போனில் பேசினால் குற்றமில்லை என்று மகள் நிஸ்லா கம்பஸில் இருந்துகொண்டு சொல்கிறாள். அவருடைய உம்மா, என் மாமிக்கு அது பிடிக்காது. எனக்கும் உங்கள் குரலைக் கேட்க இப்போது மனமில்லை. அவருடைய போனை நிற்பாட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். நிற்பாட்ட முதல் பார்த்தேன். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் உங்களுக்கு மூன்று தரம் எடுத்திருக்கிறார். மூன்று தரமும் நீங்கள் தூக்கவில்லை. அதைக் கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை.

கமராவைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்த ருஷ்யக் கமரா, ஸோர்க்கி. அதற்குள் ஒரு பிலிம் இருக்கிறது. அதில் கடைசியாக எடுத்தது அவருடைய படம். எடுத்தது நான். இருபத்தியாறு வருடத்தில் நான் அந்தக் கமராவைத் தொட்டது அன்று ஒரு நாள்தான். எல்லாரையும் எடுத்துத் திரிந்த மனிதரை ஒருவரும் எடுக்கவில்லை. அடையாள அட்டையில் இருப்பதைத் தவிர எங்களிடம் அவருடைய முகம் இல்லை, அதுவும் இருபது வருடம் பழசு. நிஸ்லாவின் போனில் தேடினோம். எல்லாவற்றிலும் அவர் கமராவைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

படம் எடுத்தவுடன் கமரா இறுகிவிட்டது. நான் உடைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பிலிமைப் பழுதாக்காமல் எப்படி வெளியே எடுப்பது என்று எழுதுங்கள். கொழும்புக்கோ கடைக்கோ அனுப்ப எனக்குப் பயம். தெரியாதவன் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மாமி செவ்வாய்க்கிழமைகளில் சிலாவத்துறைக்கு மருந்து எடுக்கப் போவா. அன்றுதான் என் கடிதம் தபாலில் விழும். சுணங்கினால் கோபிக்க வேண்டாம்.

ஸுஹறா


அடம்பன்
19.04.2025

தங்கச்சி ஸுஹறாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் என் மனைவி பரமேஸ்வரி பறித்து வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா. 

றசாக் போன செய்தி அடுத்த நாள் மன்னாரில் ஹுசைனின் மணிக்கூட்டுக் கடையில் வைத்துத்தான் தெரியும். அப்போதே அடக்கம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து வேட்டி மாற்றினேன். பிறகு அதைக் கழற்றிக் கொடியில் போட்டேன். எந்த முகத்தோடு உங்கள் வாசலில் நிற்பது என்று தெரியவில்லை. அழைப்புகளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். எழுதாமல் விடமாட்டேன்.

இப்போது கமரா. முதலில் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன்: திறக்க வேண்டாம். எதையும் பலமாகத் திருப்ப வேண்டாம். வெயில் படாத இடத்தில் வையுங்கள். அலுமாரி நல்லது.

எனக்குச் சில விவரம் வேண்டும். மேலே வலப்பக்கம் பிலிமை முன்னுக்குச் சுற்றுகிற பெரிய குமிழ் இருக்கிறது. அது கொஞ்சமாவது அசைகிறதா? அதன் அடியில் எண்கள் போட்ட வட்டம் ஒன்று, எத்தனையாவது படம் என்று காட்டும். அது எந்த எண்ணில் நிற்கிறது? படம் எடுக்கும்போது சத்தம் கேட்டதா? நீங்கள் என்ன செய்தீர்கள், அவர் என்ன செய்தார், நினைவில் உள்ளதை ஒழுங்காக எழுதுங்கள். சின்ன விஷயம் என்று ஒன்றையும் விடவேண்டாம்.

இந்தக் கமராக்கள் முரடு. தொட்டவுடன் உடையாது. பயப்பட வேண்டாம்.

தில்லைநாதன்


கொண்டச்சி
26.04.2025

தில்லைநாதன் அண்ணனுக்கு,

பயப்பட வேண்டாம் என்று எழுதுவது சுகம். தினமும் விடிய சுபஹு தொழுதுவிட்டு அலுமாரியைத் திறந்து கமரா இருக்கிறதா என்று பார்க்கிறேன். யார் எடுக்கப் போகிறார்கள்? ஆனாலும் பார்க்கிறேன். வெக்கையில் பிலிம் உருகுமா என்று நேற்று ஒரு யோசனை வந்தது. ஈரத்துணி சுற்றி வைக்கலாமா என்று யோசித்து, பிறகு ஈரம் கூடாதே என்று விட்டேன். மாமி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறா.

நடந்ததை எழுதுகிறேன். அஸர் தொழுதுவிட்டு அவர் பின்வளவில் வேம்புக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். முகம் வாடியிருந்தது. நோன்பு என்று நினைத்தேன். திடீரென்று "இந்தா, ஒருக்கா என்னை எடு" என்று கமராவை நீட்டினார். அப்படி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. எப்படி எடுப்பது என்று சொல்லித் தந்தார். சின்ன மஞ்சள் வட்டத்துக்குள் அவர் இரண்டு பேராகத் தெரிந்தார். முன்னால் உள்ள வளையத்தைத் திருப்பினால் இருவரும் கிட்டக் கிட்ட வந்து ஒருவராவார்கள், அப்போது அமத்து என்றார். நான் மற்றக் கண்ணை மூடிக்கொண்டேன். "மூடாத. மற்றக் கண்ணாலயும் பார்த்துக்கொண்டு எடு. மூடினா ஆளை விட்டுட்டுக் கண்ணாடியைத்தான் பார்ப்பாய்" என்றார்.

வெயில் கூடிப்போச்சு, எண்ணை மாத்து என்றார். மேலே வேகத்துக்கான சின்னக் குமிழ். முதல் பெரிய குமிழைச் சுற்றவேண்டும், பிறகுதான் எண்ணைத் திருப்பவேண்டும், மாறிச் செய்தால் உள்ளே பல்லு உடையும் என்று சொன்னார். அண்ணன், நான் எதை முதல் செய்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டையும் செய்தேன். எதை முதல் என்றுதான் தெரியாது. அன்றையிலிருந்து அதையேதான் யோசிக்கிறேன்.

அமத்தினேன். சத்தம் கேட்டது. பிறகு அவர் வாங்கிச் சுற்றினார். பாதியில் நின்றுவிட்டது. "எண்ணை எப்பத் திருப்பினாய், சுத்த முந்தியா பிந்தியா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பலமாகச் சுற்றினார். உள்ளே டிக் என்று ஒரு சத்தம். அதோடு கையை எடுத்துவிட்டார், பிறகு ஒருவரும் குமிழைத் தொடவில்லை. எண் வட்டம் 23இல் நிற்கிறது. இப்போதும் அப்படியே.

பிலிம் முடிஞ்சிருக்குமோ என்று நான் கேட்டேன். அதற்கு அவர் சொன்னது: "தில்லை சுத்தித் தாற பிலிம் முப்பத்தாறு. கோபமெண்டாலும் அவன் ஒண்டும் குறைக்கமாட்டான். நீதான் உடைச்சது. உன்ர கை பட்டா இரும்பும் நிண்டுபோகும்." நானும் விடவில்லை. "கொண்டுபோய்க் கடலில போடுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கஞ்சியைத் துழாவினேன். அவர் போனை எடுத்தது யன்னலால் தெரிந்தது. பொழுதுபட மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தோடு கூப்பிட்டேன். வரவில்லை. கமரா மடியில் இருந்தது.

எனக்கும் அவருக்கும் இடையில் கடைசிப் பேச்சு அதுதான். நான் உடைத்தேனா இல்லையா? ஓம் அல்லது இல்லை என்று எழுதுங்கள்.

ஸுஹறா


அடம்பன்
03.05.2025

தங்கச்சிக்கு,

கமரா உடையவில்லை என்றுதான் நினைக்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூறு. ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைக் கடிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. பிலிம் கழுவி முடிந்த பிறகு நேரில் வந்து, வாசலில் நின்றென்றாலும், சொல்கிறேன்.

பிலிமைத் திரும்பவும் டப்பிக்குள் சுற்றி எடுக்கிற வழி இது. படம் எடுக்க அமத்துகிற பொத்தானைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. அதை அமத்தித் திருப்பினால் பதிந்து நிற்கும். பிறகு இடப்பக்கம் உள்ள சின்னக் குமிழை மேலே இழுத்து, அதில் கீறியிருக்கிற அம்புக்குறிப் பக்கம் ஆறுதலாகச் சுற்றுங்கள். முதலில் பாரமாக இருக்கும். கடைசியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு இலேசாகும். இலேசானால் பிலிம் முழுக்க டப்பிக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அதன் பிறகு அடியில் உள்ள இரண்டு சாவிகளையும் திருப்பி, பின்மூடியைக் கீழே இழுத்தால் கழன்று வரும். டப்பியை எடுத்து ஒரு பேணிக்குள் போட்டு மூடி, ஹுசைனின் கடைக்கு அனுப்புங்கள். நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிறுபோக நெல் விதைப்புக்குக் குளத்துத் தண்ணீர் திறக்கிற நாள். நீர்ப்பாசன இலாகாக் கந்தோரிலும் வயலிலும் ஓட்டம். இல்லாவிட்டால் விரிவாக எழுதியிருப்பேன்.

தில்லைநாதன்


மன்னார் பஸ் நிலையம்
06.05.2025

தங்கச்சி,

தயவு செய்து திறக்கவேண்டாம்!

இதைத் தபாலில் போடவில்லை, கையில் கொண்டு வருகிறேன். றசாக்கின் போனுக்கு விடியத்தொடக்கம் எடுத்துப் பார்த்தேன், நிற்பாட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தும் எடுத்தேன். சிலாவத்துறை பஸ் பத்தரைக்காம். அதுவரை எழுதுகிறேன். நீங்கள் என்னோடு பேசமுடியாது, ஆகவே நான் வாசலில் நின்று கத்துவேன், இதை மாமியிடம் கொடுப்பேன்.

நீங்கள் எழுதிய டிக் என்ற சத்தத்தை இன்று காலையில்தான் நான் சரியாக வாசித்தேன். பிலிமின் கடைசி நுனியை டப்பிக்குள் இருக்கும் கட்டையில் ரேப் நாடா போட்டு ஒட்டுவது நான். றசாக் பலமாகச் சுற்றினபோது அந்த ரேப் கழன்றிருக்கிறது. கழன்றால், இடப்பக்கக் குமிழை எவ்வளவு சுற்றினாலும் பிலிம் திரும்ப வராது. வெறும் கட்டைதான் சுற்றும். தொடக்கத்திலிருந்தே இலேசாகத்தான் இருக்கும். இலேசானால் திறவுங்கள் என்று எழுதினவனும் நானே. திறந்தால் பிலிம் வெளிச்சத்தில் அப்படியே விரிந்து கிடக்கும்.

இதை ஏன் முதலே யோசிக்கவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்தில் 23 என்ற எண்ணைக் கண்டதும் எனக்கு மற்ற ஒன்றும் கண்ணில் படவில்லை. என்னை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிடுகிறேன். நீங்கள் உடைக்கவில்லை. ஒன்றுமே உடையவில்லை. பிலிம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் நூறடி நீளச் சுருளாகத் தகர ரின்னில் பிலிம் வாங்கி, இருட்டில் முழம் போட்டு வெட்டி, பழைய டப்பிகளில் சுற்றுகிறவன். முப்பத்தாறு படத்துக்கு ஐந்தரை அடி. பன்னிரண்டு வருடம் றசாக்குக்கு ஒரு அங்குலம் குறைத்ததில்லை. போன வருடக் கடைசியில் அவர் வந்து, பிலிம் கழுவுகிற டாங்கும் மருந்தும் வேண்டும், இனித் தானே கழுவப்போவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "எனக்கு வேணும்" என்றார். என்ர கையில என்ன குறை கண்டாய் என்று கேட்டேன். குறை இல்லை என்றார், காரணமும் சொல்லவில்லை. எனக்கு ரோசம் வந்துவிட்டது. தரமுடியாது என்று திருப்பி அனுப்பினேன். பிறகு மாசியில் ஹுசைனின் கடையில் பிலிம் கேட்டு ஒரு துண்டு வைத்திருந்தார். ரின்னின் அடியில் கிடந்த மிச்சத் துண்டை, இருபத்திமூன்று படத்துக்குத்தான் காணும் என்று அளந்து தெரிந்துகொண்டே, சுற்றிக் கொடுத்தேன். எத்தனை படம் என்று டப்பியில் எழுதவில்லை. பாதியில் முடிந்து முழிக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு சின்னப் புத்தி.

அன்று பின்னேரம் அவர் எடுத்த மூன்று அழைப்பும் எனக்குக் கேட்டது. போன் மேசையில் கிடந்தது. "எடுங்கோவன், பாவம் மனிசன்" என்று பரமேஸ்வரி சொன்னா. "கிடக்கட்டும்" என்றேன். அவர் என்ன கேட்க எடுத்தார் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபிறகுதான் விளங்கியது. எத்தனை படம் சுத்தினனி என்று கேட்கத்தான் எடுத்திருக்கிறார்.

பஸ் வந்துவிட்டது.

தி.


கொண்டச்சி
08.05.2025

தில்லைநாதன் அவர்களுக்கு,

நீங்கள் வாசல் படலையில் நின்று "திறக்காதேங்கோ" என்று கத்தினபோது மதியம் லுஹர் நேரம். உங்கள் மற்றக் கடிதம் முதல் நாளே வந்துவிட்டது. நீங்கள் வந்த அன்று காலையே நான் திறந்துவிட்டேன்.

நீங்கள் எழுதினபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். பிஸ்மி சொல்லித்தான் தொட்டேன். குமிழ் தொடக்கத்திலிருந்தே இலேசாகச் சுற்றியது. பாரமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாரே என்று ஒரு யோசனை வந்தது. எனக்கு என்ன தெரியும், தெரிந்தவர் எழுதியிருக்கிறார் என்று நூறு தரம் சுற்றினேன். இரண்டு சாவியையும் திருப்பி மூடியை இழுத்தேன். உள்ளே டப்பிக்குள் போயிருக்கவேண்டிய பிலிம் பளபளவென்று நீளமாக விரிந்து கிடந்தது. உடனே மூடினேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். மூச்சு விடுகிற நேரம். அறை யன்னல் திறந்திருந்தது.

அதுக்குப் பிறகு என் கறுப்பு அபாயாவால் கமராவைச் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதற்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். நீங்கள் கத்தும்போதும் அங்கேதான் இருந்தேன். மருந்து எடுத்துத் திரும்பின மாமி அதை அப்படியே தூக்கி வந்து உங்களிடம் தந்தது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் போனபிறகு உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

எனக்கு உங்களில் கோபம். அதை ஒளித்து வைக்க நான் பெரிய மனுசி இல்லை. ஒரு சொல்லு. இருபத்திமூன்று என்று ஒரு சொல்லு சொல்லியிருந்தால், அவர் எழும்பி உள்ளே வந்து "நீ உடைக்கேல்ல புள்ள, பிலிம்தான் முடிஞ்சது" என்று சொல்லியிருப்பார். அவர் பிழை என்றால் உடனே ஒத்துக்கொள்கிறவர். நான் கொஞ்சம் முறைத்திருப்பேன், பிறகு கஞ்சி ஊற்றியிருப்பேன். உயிர் போகிற நேரம் போயிருக்கும், அது அல்லாஹ்வின் கையில். ஆனால் கோபத்தோடு போயிருக்கமாட்டார். உங்கள் மேல் அவருக்கிருந்த நம்பிக்கையால்தான் அவர் என்னை நம்பவில்லை. 

படம் வருமா? அதை மட்டும் எழுதுங்கள். வராது என்றாலும் எழுதுங்கள்.

ஸுஹறா


அடம்பன்
19.05.2025

தங்கச்சி ஸுஹறாவுக்கு,

நீங்கள் எழுதினதில் ஒரு சொல்லும் கூடுதல் இல்லை. 

பிலிம் கழுவிவிட்டேன். இந்த வெக்கையில் மருந்துத் தண்ணீர் சூடாகினால் பிலிமின் மேற்தோல் உரிந்துவிடும். மீன் வாடியில் ஐஸ் வாங்கி வாளியில் போட்டு, தண்ணீர் அளவாய்க் குளிரும்வரை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். உண்மையில் ஐஸ் முதல் நாளே இருந்தது, திறக்கத்தான் பயந்தேன். மூன்றாம் நாள் பரமேஸ்வரியின் தையல் அறை யன்னலைப் போர்வையால் அடைத்து, அந்த இருட்டில் உங்கள் அபாயாவை அவிழ்த்துக் கமராவைத் திறந்தேன்.

உங்கள் படம் இல்லை. கடைசி ஆறும் வெளிச்சம் பட்டு முழுக்கக் கறுத்துவிட்டது. கடைசியாக எடுத்தவைதான் சுருளில் வெளிப்பக்கம் இருக்கும். ஆகவே திறக்கும்போது முதலில் அடிபடுவதும் அவைதான். இருபத்திமூன்றாவதை எத்தனை தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு கோடு, ஒரு நிழல் கூட இல்லை. இதை எழுதுவதற்குத்தான் இத்தனை நாள் சுணங்கினேன்.

ஆனால் உள்ளே இருந்த பதினேழும் தப்பிவிட்டன. அதைப் பற்றித்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்லவேண்டும்.

கழுவினவுடன் ஈரத்தோடு தூக்கி முதலாவது படத்தைப் பார்ப்பது என் பழக்கம். பார்த்தேன். உங்கள் பின்வளவுக் கிணற்றடி. ஒரு பெண், தலையில் துணி இல்லாமல், கூந்தலை முன்னால் போட்டுப் பிழிந்துகொண்டு நிற்கிறா. நான் உங்களைக் கண்டதில்லை. ஆனால் அந்த வீட்டில் அப்படி நிற்கக்கூடியவர் வேறு யார்? பிலிமைத் தலைகீழாய்த் தொங்கவிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். பிறகு பரமேஸ்வரிதான் எண்ணி, வெட்டி, உறையில் போட்டா. நான் பார்த்தது முதலாவதும், கறுத்துப்போன கடைசி ஆறும் மட்டும். பிள்ளையாரறிய இது உண்மை. மற்றவை எப்படி என்று கேட்டேன். "உங்களுக்குத் தேவையில்லாத கதை" என்றுவிட்டுக் கண்ணைத் துடைத்தா.

வெளியே வந்து வரம்பில் குந்தியிருக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. தானே கழுவவேண்டும் என்று அவர் ஏன் கேட்டார் என்று. மனைவியின் படத்தை இன்னொரு ஆம்பிளை கையில் கொடுக்க அவருக்கு மனமில்லை. அதை என்னிடம் சொல்லவும் கூச்சம். "எனக்கு வேணும்" என்று மட்டும் சொன்னார். என் கையில் அவர் ஒரு குறையும் காணவில்லை. நான்தான் கண்டேன்.

பதினேழையும் மாமியின் பெயரிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும். நிஸ்லா வந்தால் போனில் நிறத்தை மாற்றிப் பார்க்கத் தெரிந்திருப்பா. ஓரத்தைப் பிடியுங்கள், நடுவில் விரல் படவேண்டாம்.

கமரா என்னிடம் இருக்கிறது. ஒரு பிழையும் இல்லை. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

தில்லைநாதன்


அடம்பன்
20.06.2025

தங்கச்சி,

ஒரு மாதமாகிவிட்டது. உறை கிடைத்ததா? பதிவுத் தபால் துண்டைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். தபாற்கந்தோரில் கேட்டால் கொடுத்தாயிற்று என்கிறார்கள். ஈரம் பட்டதா, எலி கடித்ததா, அல்லது நீங்கள் கோபத்தில் எரித்துவிட்டீர்களா என்று எனக்கு ஓடாத யோசனை இல்லை. எரித்தாலும் அது உங்கள் உரிமை. கிடைத்தது என்று ஒரு வரி போடுங்கள்.

தில்லைநாதன்


கொண்டச்சி
19.07.2025

தில்லை அண்ணனுக்கு,

கிடைத்தது. நேற்று முன்தினம் என் இத்தா முடிந்தது. முதல் வேலையாகக் கடற்கரைக்குப் போய் வந்தேன். இரண்டாவது வேலை இந்தக் கடிதம்.

உறையை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நிஸ்லா வரும்வரை நான் உடைக்கவே இல்லை. அவர் படம் இல்லை என்று தெரிந்தபிறகு உடைத்து என்ன என்று கிடந்தது. என் படம் எனக்கு எதற்கு? ஒன்று சொல்லவேண்டும். அவர் கல்யாணம் முடித்த நாளிலிருந்து என்னை எடுக்கக் கேட்டவர். நான் விடவில்லை. இந்தப் பன்னிரண்டு வருடமும் நான் சொன்ன காரணம் நீங்கள்தான். "நீங்க எடுப்பீங்க, அந்த அடம்பன் மனிசன் கழுவுவார். என்னை அவர் பார்க்க வேணுமா?" என்று. அவர் உங்களிடம் டாங்க் கேட்டது அதனால்தான். உங்கள் சண்டைக்கு விதை நான் போட்டது. அதை அறியாமல் நீங்கள் இருவரும் ஏன் பேசுவதில்லை என்று அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நிஸ்லா போனில் நிறத்தை மாற்றி ஒவ்வொன்றாகக் காட்டினாள். கிணற்றடியில் நான். மீனுக்கு உப்பு வைக்கிற நான். மாமியோடு வாய்காட்டிக்கொண்டிருக்கிற நான், வாய் திறந்தபடி. ஒன்றில் நெல்லுச் சாக்கில் சாய்ந்து நித்திரை. எனக்கு ஒன்றும் தெரியாமல் இந்த மனிதர் எங்கெங்கே ஒளித்து நின்றிருக்கிறார்! முதலில் கோபம் வந்தது. நிஸ்லா சிரித்தாள். பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு இருவரும் அழுதோம். உன்ர கை பட்டா இரும்பும் நிண்டுபோகும் என்று சொன்ன வாயைத்தான் நாலு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாய்க்கு மேலே இருந்த கண் இவ்வளவையும் பார்த்திருக்கிறது.

பதினோராவது படத்தைக் கண்டதும் நிஸ்லா போனைக் கீழே வைத்துவிட்டாள். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை வாருகிறேன். கண்ணாடிக்குள், எனக்குப் பின்னால், கதவு நிலையில் அவர் நிற்கிறார். வலப்பாதி முகத்தைக் கமரா மறைத்திருக்கிறது. இடப்பாதி தெளிவாகத் தெரிகிறது. நரைத்த மீசை, கன்னத்து மறு எல்லாம். மற்றக் கண்ணை அவர் மூடவில்லை. திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறார்.

அந்தப் பிலிம் துண்டை இதோடு அனுப்புகிறேன். பரமேஸ்வரி அக்கா என் பக்கத்தைக் கறுப்புக் கடுதாசி ஒட்டி மறைக்கட்டும். பிறகு நீங்கள் அவருடைய பக்கத்தை மட்டும் பெரிதாக அடித்துத் தாருங்கள், சுவரில் மாட்டுகிற அளவுக்கு. இரண்டு பேருமாகக் கொண்டு வாருங்கள். கமராவையும் டாங்கையும் கொண்டு வாருங்கள், கழுவுவதை அக்கா பக்கத்தில் இருக்க எனக்குக் காட்டித் தாருங்கள். பிலிமும் வேண்டும். எத்தனை படம் என்று டப்பியில் எழுதியிருக்கவேண்டும்.

உங்களை மன்னித்தேனா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். படத்தை அடிக்கும்போது மருந்துத் தண்ணீருக்குள் படத்தில் உள்ளவரின் கண் மெதுவாகத் தெரிந்து வெளிக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய கண் வெளித்து உங்களைப் பார்க்கிற நேரம், அவர் கேட்ட எண்ணைச் சொல்லுங்கள். அவர் மூன்று தரம் கேட்டார். நீங்கள் ஒரு தரம் சொன்னால் போதும்.

ஸுஹறா